ஒன்பதே கால்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைய கூட்டம் ஒரு மணி நேரம் நடந்தது. பேசிய விஷயம்: ஃபைல் பெயர்களில் இரண்டு சொற்களுக்கு நடுவே நடுக்கோடு போடுவதா, அடிக்கோடு போடுவதா. முடிவு எட்டப்படவில்லை. அடுத்த வாரம் தொடரும்.

பிரசவ விடுப்பு முடிந்து மூன்று வாரமாகிறது. நான் போனபோது அடிக்கோடா நடுக்கோடா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தேன், அதையேதான் பேசுகிறார்கள். நடுவில் நான் ஒரு மனுஷியை உண்டாக்கி, உட்காரவும் பழக்கிவிட்டேன்.

நாளைக்கு நானே படித்துக் குழம்பாமல் இருக்க எழுதிவைக்கிறேன். ஐந்து ஊர்களில் ஐந்து கணினி மையங்கள். தனித்தனியாக எல்லாம் சுமார். ஐந்தையும் கோத்து ஒரே ராட்சசக் கணினி மாதிரி ஓட்ட வேண்டும் என்பது திட்டம். கூட்டுக் குடித்தனம்தான். ஐந்து அடுப்பு, ஒரு சமையல். உப்பு யார் போட்டது என்று கடைசிவரை தெரியாது. இப்போது அடுப்பில் இருப்பது கடல். ஒரு துறைமுக ஊரில் புயல் அடித்தால் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறும் என்று பார்க்க, இல்லாத புயல்களைக் கணினிக்குள் கிளப்பிவிடுகிறோம். மையத்துக்கு இருநூறு புயல், ஆகமொத்தம் ஆயிரம். நாங்கள் சொல்லும் உயரத்துக்கு அந்த ஊர்க்காரர்கள் கரையில் சுவர் எழுப்புவார்கள். எங்களை நம்பி. பாவம்.

என் வேலை தற்காலிகம். மாதக் கடைசியோடு முடிகிறது. 27ஆம் தேதி மேலிடத்துக் குழு வந்து பார்த்துத் தலையாட்டினால் எனக்கு இரண்டு வருட நீட்டிப்பு. ஆட்டாவிட்டால் என் மகள் உருண்டைக்கு முழுநேர அம்மா கிடைப்பாள். அவளுக்கு அது வேண்டுமா என்று தெரியவில்லை. எனக்கு வேண்டாம்.

எழுதிவிட்டேன். யாரும் படிக்கப் போவதில்லை. எழுதியதை அடித்துவிட மாட்டேன்.

மார்ச் 6, வியாழன்

கணினியில் என் வேலை வரிசையில் நானூற்றுப் பதினொன்றாவது இடம். தடுப்பூசிக்குப் போனால் அங்கேயும் வரிசை. அங்கேயாவது முன்னால் நிற்பவர் அழுதால் நகர்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

உருண்டை தவழ மாட்டேன் என்கிறாள். உட்கார்ந்தபடியே ஒரு கையைத் தரையில் ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டு நகர்கிறாள். நகர்ந்துவிட்டு, திறப்பு விழாவுக்கு வந்த மந்திரி மாதிரி சுற்றிலும் ஒரு பார்வை பார்க்கிறாள்.

சாப்பிடும்போது அத்தை (மாமியார் — எங்களோடுதான் இருக்கிறார், அவர் இல்லாவிட்டால் நான் வேலைக்கே போக முடியாது) சொன்னார்: "ஒன்பதே கால் மாசத்துக்குள்ள தவழணுமாம்மா. இல்லன்னா இடுப்புல ஏதோ கோளாறாம்."

ஒன்பதே கால். அவளுக்கு இப்போது எட்டரை தாண்டிவிட்டது.

மாலையில் அம்மா போன். நலம் விசாரித்து முடிப்பதற்குள், "தவழுறாளா? ஒன்பதே கால் மாசத்துக்குள்ள தவழணும்டி, பாத்துக்க."

சொல்லி வைத்த மாதிரி. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதே கிடையாது. என் கல்யாணத்திலிருந்து.

மார்ச் 10, திங்கள்

நாத்தனாரும் சொன்னாள். ஒன்பதே கால்.

மார்ச் 11, செவ்வாய்

கீழ்வீட்டு அக்காவும். மாடிப்படியில் வழி மறித்து. போதாக்குறைக்கு என் வீட்டுக்காரரின் கிளினிக் நர்ஸ் வேறு போன் செய்து விசாரித்தாள். எல்லாரும் அதையே சொல்கிறார்கள். ஐந்து பேர். ஒருவர் சொன்னால் வதந்தி, இருவர் சொன்னால் தற்செயல், ஐந்து பேர் சொன்னால் அது அறிவியல் இல்லையா?

"ஏங்க, எனக்கு பயமா இருக்கு."

"அவ ஒக்காந்துகிட்டே போறா. நான் காலேஜ்ல அப்படித்தான் பாஸ் பண்ணேன்."

இவர் பல் டாக்டர். நாள் முழுக்கப் பஞ்சு அடைத்த வாய்களோடு பேசிப் பழக்கம். எதிர்த்து யாரும் பேசியதில்லை. அதனால் தன் நகைச்சுவை நன்றாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கூகிளில் தேடக் கூடாது என்று சத்தியம் செய்திருந்தேன். தேடிவிட்டேன். தூக்கம் போச்சு.

மார்ச் 12, புதன்

திருவிழா மாதிரி இருந்தது அலுவலகம். ஐந்து மையங்களின் விடைகளும் வந்து சேர்ந்துவிட்டன, ஐந்தும் ஒன்றுபோல் இருக்கின்றன. கடல் மூன்றரை மீட்டர் ஏறும், ஒரு சாண் முன்னே பின்னே. கடைசித் தசம இலக்கங்களில் மட்டும் லேசான வேறுபாடு. அது இயந்திரத்துக்கு இயந்திரம் வரும் தும்மல், கணக்கில் சேர்த்தி இல்லை.

எங்கள் ஒருங்கிணைப்பாளருக்கு நாங்கள் வைத்த பெயர் ஒரேமாதிரி. ஒரே எழுத்துரு, ஒரே ஸ்லைடு, ஒரே கையெழுத்து வாசகம். ஐந்து மையங்களும் ஒரே மாதிரிக் கோப்பையில் காபி குடிக்க வேண்டும் என்று கேட்டாலும் கேட்பார். இன்று அவருக்கு ஆனந்தக் கண்ணீர் வராத குறை. "இதுதாம்மா கூட்டுழைப்பு. அஞ்சு பேரும் ஒரே குரல்."

27ஆம் தேதிக்குப் படம் வரையும் வேலை எனக்கு. ஐந்து மையத்துக்கு ஐந்து கோடு. வரைந்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போனில் கூப்பிட்டார்.

"மத்த நாலு கோடு எங்கம்மா?"

"கீழ இருக்கு சார்."

"எதுக்குக் கீழ?"

"அந்த ஒண்ணுக்குக் கீழ. ஒண்ணு மேல ஒண்ணா படுத்திருக்கு."

"அப்ப அடியில இருக்கறத தடிமனா போடு, மேல வர வர ஒல்லியாக்கு. அஞ்சும் தெரியணும். அஞ்சு மையத்துக்கும் செலவு பண்ணியிருக்கு."

போட்டேன். வானவில்லை நசுக்கிவிட்ட மாதிரி இருக்கிறது. அவருக்குப் பிடித்துவிட்டது.

மார்ச் 14, வெள்ளி

அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுக் குழந்தை டாக்டரம்மாவிடம் போனோம். உருண்டையின் காலை மடக்கி, விரித்து, தொங்கவிட்டு, நிற்கவைத்துப் பார்த்தார். அவளுக்கு இது பிடித்திருந்தது. ஸ்டெதஸ்கோப்பைத் தின்னப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கா. சில பிள்ளைங்க இப்படித்தான் ஒக்காந்தே நகரும். தவழாமலே நடந்துரும். கொஞ்சம் லேட்டா நடக்கும், அவ்வளவுதான்."

"ஒன்பதே கால் மாசத்துக்குள்ள —"

"அது என்ன ஒன்பதே கால்? யாரு அளந்தா?"

"அஞ்சு பேர் சொன்னாங்க டாக்டர்."

"அஞ்சு பேரும் எங்க படிச்சாங்க?"

நான் சிரித்தேன். வெளியே வந்ததும் சிரிப்பு போய்விட்டது. டாக்டரம்மா ஒருவர், அவர்கள் ஐந்து பேர். எனக்கும் கொஞ்சம் புள்ளியியல் தெரியும்.

மார்ச் 16, ஞாயிறு

இன்று துப்பறிந்தேன். டாக்டரம்மா கேட்ட கேள்வி இரண்டு நாளாகப் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி.

முதலில் அத்தை. "உங்களுக்கு யாரு சொன்னா அத்தை?"

"எல்லாரும் சொல்றாங்களேம்மா."

"முதல்ல யாரு?"

"உன் நாத்தனார்தான்."

அம்மாவுக்குப் போன். "உன் நாத்தனார் சொன்னா. ஏன், தப்பா?" கீழ்வீட்டு அக்காவுக்குச் சொன்னது அத்தை. கிளினிக் நர்ஸுக்கு? வீட்டுக்காரர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து இருமினார்.

"நீங்களா?"

"அம்மா சொன்னாங்க, நான் அவகிட்ட சும்மா கேட்டு வச்சேன். அவதான் ரெண்டு பெத்தவளாச்சே."

"அவ என்கிட்ட சொன்னப்ப அது அஞ்சாவது சாட்சின்னு நினைச்சுட்டேங்க."

ஆக எல்லாப் பாதையும் நாத்தனாரிடம் போய் முடிகிறது. நாத்தனாருக்கு எங்கிருந்து? குடும்பக் குழுவில் சித்தப்பா அனுப்பிய குரல் பதிவு. சித்தப்பா எதையும் அனுப்புவார். அவருக்கு வந்த எதையும் ஊருக்குக் கொடுக்காமல் சாப்பிடமாட்டார். நான் அந்தக் குழுவை வாய்பொத்தி வைத்திருந்ததால் கேட்கவில்லை. இன்று தேடி எடுத்துக் கேட்டோம். ஏதோ ஓர் அட்டவணையை உரக்கப் படித்திருக்கிறார்:

"வயது... ஒன்பது. கால்... மாசத்துக்குள்ள தவழலாம். கை... தட்டலாம். வாய்... மழலை பேசலாம்."

மூன்றாவது தடவை கேட்டபோதுதான் புரிந்தது. அது உடம்புப் பாகங்களின் பட்டியல். கால் என்றால் கால். நடக்கிற கால். முக்காலுக்கும் அரைக்கும் தம்பியான கால் இல்லை. ஒன்பது மாசத்துக்குக் கால் முளைத்தது நாத்தனாரின் காதில். "தவழலாம்" என்பது "தவழணும்" ஆனது நாலு வாய் தாண்டும்போது. இடுப்புக் கோளாறு யார் போட்ட உப்பு என்று தெரியவில்லை. கூட்டுக் குடித்தனம்.

அத்தை கேட்டுவிட்டு, "அப்ப கையி?" என்றார். "ஒன்பதே கையில என்ன பண்ணணும்?" வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும்தான், கண்ணில் தண்ணீர் வர. உருண்டை எங்களைப் பார்த்துக் கை தட்டினாள். அட்டவணைப்படி.

பிறகு பாத்திரம் கழுவும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

ஒரே தப்பை ஐந்து பேர் சொன்னால் ஐந்து சாட்சி இல்லை. ஒரே சாட்சிதான், வாய்தான் ஐந்து. சரி. ஐந்து கோடு ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்துக்கிடந்தால்?

மார்ச் 17, திங்கள்

அடக்கடவுளே.

காலையில் போனதும் ஐந்து மையங்களின் விடைகளையும் திறந்து, ஒவ்வொரு மையத்திலும் ஆகக் கொடிய புயல் எது என்று தேடினேன். முதல் மையத்தில் நூற்றுப் பதினேழாவது புயல். இரண்டாவதிலும் நூற்றுப் பதினேழாவது. மூன்று, நான்கு, ஐந்து — ஒன்பதே கால், ஒன்பதே கால், ஒன்பதே கால்.

கணினிக்குப் பகடை உருட்டத் தெரியாது. அதற்கு ஓர் எண்ணைக் கொடுக்க வேண்டும். அதிலிருந்து, உருட்டிப் போட்டது போலத் தோன்றும் எண்களை வரிசையாக முளைக்கவிடும். அந்த முதல் எண்ணுக்கு எங்கள் தொழிலில் விதை என்று பெயர். விதை மாறினால் புயல்கள் மாறும். ஒரே விதையைப் போட்டால் அதே புயல்கள், அதே வரிசையில், அச்சு பிசகாமல். அதனால்தான் மையத்துக்கு ஒரு விதை என்பது ஏற்பாடு. நான் விடுப்பில் போகும்வரை அப்படித்தான் இருந்தது.

ஜனவரியில் ஒரேமாதிரி ஒரு மெயில் அனுப்பியிருக்கிறார். "மையங்களுக்கு இடையே அமைப்புகளில் தேவையற்ற வேறுபாடுகள் காணப்படுகின்றன. இணைப்பில் உள்ள அமைப்புக் கோப்பையே அனைவரும் ஒரே சீராகப் பயன்படுத்தவும்." விதையும் அதற்குள் இருக்கிறது. திட்டத்தின் சரித்திரத்திலேயே அவர் மெயிலுக்கு ஐந்து மையங்களும் கீழ்ப்படிந்தது அந்த ஒரு தடவைதான்.

விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்? ஆயிரம் புயல் என்று நாங்கள் பீற்றிக்கொண்டிருப்பது இருநூறு புயல். ஐந்து மையங்களும் மாதக்கணக்கில் மின்சாரத்தைக் குடித்து அந்த இருநூறையே ஐந்து தடவை போட்டிருக்கின்றன. ஒரு சாண் முன்னே பின்னே என்பதெல்லாம் பொய். ஆயிரம் பேரைக் கேட்டேன் என்று சொல்லிவிட்டு இருநூறு பேரிடம் ஐந்து தடவை கேட்டால் பதில் உறுதியாகத்தான் இருக்கும்.

அதை நம்பி சுவர்.

இப்ப நான் என்ன பண்றது? இதைச் சொன்னா குழு தலையாட்டுமா? ஆட்டாது. என் நீட்டிப்பு? போச்சு. சொல்லலைன்னா? — யாருக்கும் தெரியாது. புயல் வர வரைக்கும்.

மார்ச் 18, செவ்வாய்

ஒரே ஒருவரிடம் சொன்னேன். மூன்றாவது மையத்துக்காரி. கூட்டங்களில் கேமராவைப் போடவே மாட்டாள், திரையில் ஒரு கறுப்புக் கட்டம்தான். மூன்று வருடப் பழக்கம், முகம் தெரியாது. நல்ல வேலைக்காரி. கறுப்புக் கட்டத்துக்கு எழுதினேன்: "உங்கள் 117ஆவது புயலைப் பாருங்கள்."

ஒரு மணி நேரத்தில் பதில்: "நாசமாப் போச்சு."

அதற்குப் பிறகு: "இந்த வாரக் கடைசியில எங்க கம்ப்யூட்டர் பராமரிப்புன்னு பாதி சும்மா கெடக்கும். வேற விதை போட்டு இருநூறு ஓட்டிப் பாக்கறேன். யாரும் கேட்டா நான் துணி மடிக்கிறேன்னு சொல்லு."

மார்ச் 19, புதன்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார். பஞ்சு வைக்காமலே என்னைப் பேசவிட்டார், அது பெரிய விஷயம்.

"சொத்தைப் பல்லு மேல கேப்பு போட்டா பாக்க நல்லாத்தான் இருக்கும்," என்றார்.

"உங்களுக்கு சொல்லிட்டுப் போறது சுலபம். வேலை போறது எனக்கு."

"நான் சொல்லுன்னே சொல்லலியே."

"பல்லக் காட்டி சொன்னீங்க."

அத்தை குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "அஞ்சு மருமக இருக்கற வீட்டுல அஞ்சு பேரும் ஒரே சமையல செஞ்சு வச்சா என்ன பண்றது? விருந்தாளிகிட்ட அஞ்சு வகைன்னா சொல்ல முடியும்?" என்றார். யாரைக் குத்துகிறார் என்று தெரியவில்லை. மருமகள் நான் ஒருத்திதான்.

மார்ச் 20, வியாழன்

மேடத்திடம் சொல்லிவிட்டேன். எங்கள் மையத்தின் பேராசிரியை, என்னை வேலைக்கு எடுத்தவர். படத்தைக் காட்டினேன், நூற்றுப் பதினேழைக் காட்டினேன். அவருக்குப் புரிய அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டிடத்தின் ஏ.சி. பெட்டிகள்தான்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"மூணாவது மையத்துல ஒருத்தங்களுக்கு."

"27 முடியட்டும். அப்புறம் நிதானமா திருத்திக்கலாம். உன் நீட்டிப்பு ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு, தெரியும்ல?"

மிரட்டலா, அக்கறையா? மேடம் என் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தவர். இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

27க்கு அப்புறம் சொன்னால் என்ன? யார் குடி முழுகிவிடும்? — எழுதின பிறகுதான் பார்க்கிறேன், என்ன எழுதியிருக்கிறேன் என்று. முழுகுவது பற்றித்தானே திட்டமே.

மார்ச் 23, ஞாயிறு

கறுப்புக் கட்டத்திடமிருந்து: "முடிஞ்சுது. இந்த இருநூறுல கடல் நாலு மீட்டரத் தாண்டுது."

சாண் ஏற முழம் சறுக்கும் என்பார்கள். இங்கே சாண் என்று சொல்லிவிட்டு முழம் ஏறுகிறது.

மார்ச் 24, திங்கள்

ஒத்திகை. சொல்லத்தான் போனேன். ஆறாவது ஸ்லைடின் நீலம் போதுமான அளவுக்கு நீலமாக இல்லை என்பது பற்றி நாற்பது நிமிடம் பேசினார்கள். சொல்லவில்லை. நீலத்தை மாற்றினேன்.

மார்ச் 26, புதன்

உருண்டைக்கு ஜலதோஷம். இவர் கேட்டார், "நாளைக்கு என்ன பண்ணப் போற?" ஸ்லைடு தள்ளப் போறேன் என்றேன். என் வேலை அதுதான். அவர்கள் பேசுவார்கள், நான் தள்ளுவேன்.

மார்ச் 27, வியாழன்

வரிசையாக எழுதுகிறேன்.

பெரிய அறை. நீள மேசையில் குழுவினர் நாலு பேர். மேடம். கோட்டு போட்ட ஒரேமாதிரி — இதற்காகவே முந்தின நாள் ரயிலில் வந்திருந்தார். சுவர்த் திரையில் மற்ற மையங்கள், அதில் கறுப்புக் கட்டம் கறுப்பாகவே. மேசையின் ஓரத்தில் துறைமுக ஊரின் என்ஜினியரம்மா. சுவர் கட்டப் போகிறவர் அவர்தான். ஒரு பிஸ்கட்டைக்கூடத் தொடாமல் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தார். மூலையில் நான், ஒரு விரலோடு.

நசுங்கிய வானவில் வந்தது. குழுத் தலைவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "அஞ்சும் இவ்வளவு ஒத்துப்போகுதே?"

"அதுதான் சார் எங்க கூட்டுழைப்பு," என்றார் ஒரேமாதிரி. "அஞ்சு மையம், ஒரே குரல்." என் பக்கம் திரும்பாமலே, "அடுத்த ஸ்லைடும்மா."

அப்போது என்ஜினியரம்மா பேனாவை நிறுத்தினார். "ஒரு நிமிஷம். நான் எங்க ஊர்ல போய் சொல்லணும். இந்த உயரத்துக்கு அஞ்சு தனித்தனி சாட்சி இருக்குன்னு எழுதிக்கலாமா?"

"தாராளமா," என்றார் ஒரேமாதிரி. "அடுத்த ஸ்லைடு."

விரல் நகரவில்லை. நான் துணிச்சலாக எழுந்து நின்றேன் என்றெல்லாம் எழுத ஆசைதான். அப்படி இல்லை. உட்கார்ந்தே, அந்தம்மாவைக்கூடப் பார்க்காமல், விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "ஒரு சாட்சிதாங்க. வாய்தான் அஞ்சு."

எல்லாத் தலைகளும் என் மூலைக்குத் திரும்பின.

"என்னம்மா சொல்ற?" — மேடம் இல்லை, குழுத் தலைவர்.

சொன்னேன். விதை, இருநூறு, நூற்றுப் பதினேழு. வாய் குழறியது. நடுவில் ஒரு இடத்தில் "ஒன்பதே கால்" என்றுகூடச் சொல்லிவிட்டேன், யாருக்கும் புரியவில்லை, அதையும் எழுதிக்கொண்டார்கள். ஒரேமாதிரி, "இது சரிபார்க்கப்படாத ஒரு தனிநபர் கருத்து," என்று ஆரம்பித்தார். மேடம் எதிர்க் கட்டிடத்தின் ஏ.சி. பெட்டிகளைத் தேடினார். அந்த அறையில் ஜன்னல் இல்லை.

அப்போது திரையில் கறுப்புக் கட்டம் வெளிச்சமானது.

மூன்று வருடத்தில் முதல் தடவை. வட்ட முகம், சீவாத தலை, தலைக்கு மேலே வரிசையாகத் தொங்கும் சட்டைகள். துணி அலமாரிக்குள் உட்கார்ந்திருக்கிறாள். வெளியே எங்கேயோ பிள்ளைகள் கதவைத் தட்டும் சத்தம்.

"அவங்க சொல்றது சரி. எங்க மையத்துல வேற விதை போட்டு ஓட்டிட்டேன். நாலு மீட்டர் தாண்டுது. ஃபைல் இப்ப எல்லாருக்கும் அனுப்பியாச்சு." பின்பக்கம் திரும்பி, "டேய், அம்மா மீட்டிங்ல இருக்கேன்ல." மறுபடி எங்களைப் பார்த்து, "மன்னிக்கணும். வீட்டுல சத்தமில்லாத எடம் இது ஒண்ணுதான்." கட்டம் கறுத்துவிட்டது.

என்ஜினியரம்மா தன் தாளில் எதையோ அடித்தார். ஒரு தடவை அடித்துவிட்டு, மேலே இன்னொரு தடவையும் அடித்தார். பிறகு ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.

குழு தலையாட்டவில்லை.

மார்ச் 28, வெள்ளி

இன்று ஒரு மெயில்கூட வரவில்லை. ஒரேமாதிரியிடமிருந்துகூட.

மார்ச் 31, திங்கள்

கடைசி நாள். மேசையில் என் பொருட்களைப் பையில் போட்டேன்: கோப்பை, சார்ஜர், உருண்டையின் ஒற்றைக் காலுறை — அது எப்படி இங்கே வந்தது?

மேடம் கூப்பிட்டார். "சரியாத்தான் செஞ்ச. ஆனா அடுத்த தடவ எனக்கு முன்கூட்டியே சொல்லு."

"ஒரு வாரம் முன்னாடியே சொன்னேன் மேடம்."

"அது வேற," என்றார். எனக்கு முன்னால் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டார். நீட்டிப்பு பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

வீட்டில் இருக்கிறேன். உருண்டை என்னைப் பார்த்து, நீ ஏன் இன்னும் போகவில்லை என்பது போல ஒரு மந்திரிப் பார்வை. அத்தை வழக்கமான மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு, நான் வீட்டில் இருக்கிறேனே என்று விழித்திருக்கிறார். எனக்குச் சமையலறையில் எது எங்கே என்று தெரியவில்லை. மூவருக்கும் என் வேலை வேண்டும்.

ஏப்ரல் 9, புதன்

சித்தப்பா புதிதாக ஒன்று அனுப்பியிருக்கிறார், பல் முளைப்பது பற்றி. அம்மா போனில் அதையே சொன்னாள். அத்தை பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டு, "உங்கம்மாகிட்ட கேளு, இது எந்த விதைன்னு," என்றார். நான் ஒலிபெருக்கியைப் போட்டேன். இரண்டு பேரும் கால் மணி நேரம் பேசினார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் முதல் தடவை. சித்தப்பாவைத் திட்டிக்கொள்ளத்தான்.

ஏப்ரல் 11, வெள்ளி

இரண்டு விஷயம்.

ஒன்று, ஒரேமாதிரியின் மெயில். பழைய பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்க மறந்திருக்கிறார், அல்லது மறக்கவில்லை. "ஐந்து மையங்களும் கணக்கை முதலிலிருந்து மறுபடி ஓட்ட வேண்டும். ஒவ்வொரு மையமும் கட்டாயமாக வெவ்வேறு விதை எண்ணைப் பயன்படுத்த வேண்டும். வெவ்வேறாக இருப்பதை அனைவரும் ஒரே சீராகக் கடைப்பிடிக்கவும்." கறுப்புக் கட்டம் எனக்கு எழுதினாள்: "என் மூணு பிள்ளைங்கள்ல ஒண்ணோட பிறந்த நாளப் போட்டுட்டேன். எதுன்னு சொல்லமாட்டேன், மத்த ரெண்டும் சண்டைக்கு வரும்."

இரண்டு, தபால். நீட்டிப்புக் கடிதம். எதிர்பார்க்கவில்லை. இரண்டு வருடமெல்லாம் இல்லை — மறு ஓட்டம் முடிந்து ஐந்து கோடுகளையும் நான் வரைந்து கொடுக்கும்வரை. என்ஜினியரம்மா கேட்டாராம், கோடு போட்ட அதே பெண்தான் போட வேண்டும் என்று. தரையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். திங்கட்கிழமையிலிருந்து மூன்றே கால் மாதம்.

"அது என்ன மூணே கால்?" என்றார் வீட்டுக்காரர். "யாரு அளந்தா?"

"கடைசி வரியப் படிம்மா," என்றார் அத்தை.

"அதன்பின் தேவைக்கேற்ப மேலும் நீட்டிக்கப்படலாம்."

"லாமா, ணுமா?"

"லாம்தான் அத்தை."

"சரி, லாம்னா லாம்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதற்குள் உருண்டை அறையின் அந்தக் கோடியிலிருந்து பின்பக்கத்தைத் தூக்கிப் போட்டுத் தூக்கிப் போட்டு வந்து சேர்ந்து, என் கையிலிருந்த கடிதத்தின் கீழ் மூலையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். விரலை விட்டு எடுப்பதற்குள் "லாம்" உள்ளே போய்விட்டது.

வயது ஒன்பதரை. தவழவில்லை.